மூன்று பேரும் கடலுக்குப் போன படம்

ஜூன் 9

இயக்குநர் அவர்களுக்கு,

மூன்றாவது வாரமும் உன் படம் ஹவுஸ்புல். தியேட்டர் மேனேஜர் என்ற முறையில் நன்றி சொல்ல வேண்டும், சொல்லிவிட்டேன்.

நம் கதைதான்: மூன்று பையன்கள், ஓட்டைக் கார், கடல் பார்க்கும் ஆசை. கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக வந்து விசிலடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு போகிறார்கள். சண்டையில் தோற்றவன் இறங்கி ஒரு மைல் நடக்க வேண்டும் என்ற நம் விதிக்கு அப்படி ஒரு சிரிப்பு. தோற்று இறங்கிய நம் நெட்டை மழையில் நடந்து வந்து காரைப் பிடித்ததும் கைதட்டல் ஓய ஒரு நிமிடம் ஆகிறது.

முப்பது வருடத்துக்கு முன்பு அவன் வந்து சேரவில்லை. சொன்ன இடத்தில் நிறுத்தாமல் நீ இன்னொரு மைல் ஓட்டினாய். அந்த இரண்டாவது மைலில்தான் லாரி அவனை அடித்துப்போட்டது. அதற்கும் சேர்த்துக் கைதட்டல் வாங்குகிறாய்.

அவன் தங்கை தினமும் மதியக் காட்சிக்கு வருகிறாள். அண்ணன் காரில் ஏறி உட்கார்ந்ததும் எழுந்து போய்விடுகிறாள். அவளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறாய்?

மேப்பு

ஜூன் 14

டேய் மேப்பு,

ஏழு வருடம் கழித்து உன் கையெழுத்தைப் பார்க்கிறேன். திட்டவாவது எழுதினாயே.

ஓட்டியது நான்தான். மேப்பை மடியில் விரித்துக்கொண்டு, "இன்னும் கொஞ்சம் போடா, நெட்டை நல்லா நனையட்டும்" என்று சொன்னது யார்? படத்தில் அதை டிரைவர் பையனின் வாயில் வைத்தேன். நெட்டையின் தங்கையிடம் நான் சொன்னதில்லை, சொல்லவும் மாட்டேன்.

அவனைப் பிழைக்க வைத்தது வசூலுக்காக இல்லை. லாரி காட்சிக்கு எல்லாம் தயாராக இருந்தது. மூன்று நாள் நின்றும் ஆக்‌ஷன் சொல்ல வாய் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

டிரைவர்

ஜூன் 20

டிரைவருக்கு,

அந்த வசனம் வரும்போது ஜனங்கள் உன் டிரைவர் பையனைப் பார்த்துக் கூச்சல் போடுகிறார்கள். தினமும் கதவோரம் நின்று அதை ரசித்துக்கொண்டிருந்தேன். சொன்னவன் நான் என்பதே மறந்துவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மறக்கவில்லை.

இன்று மதியம் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கூச்சல் எழுந்தது. குனிந்து, "அதச் சொன்னது டிரைவர் இல்லம்மா. நான்தான்" என்றேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. என் கையை மெல்லத் தட்டி, "சும்மா இருங்க, அண்ணன் வர்ற நேரம்" என்றாள்.

நானும் பார்த்தேன். மழையில் நடந்து வந்துகொண்டிருந்தான்.

மேப்பு