கடைசி நிறுத்தத்தில் இறங்காதவள்

என் செல்ல மகளுக்கு,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன். அம்மா போனபின் சமையலும் ஓரளவு கைவந்துவிட்டது.

நேற்று நான் ஓட்டும் பேருந்தில் ஒரு பெண் ஏறினாள். ஜன்னலில் தலைசாய்த்துத் தூங்கியவளைக் கண்ணாடியில் பார்த்தபோது அப்படியே அம்மா. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கியும் அவள் எழவில்லை. எழுப்ப எனக்கு மனம் வரவில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்.

டைம் கீப்பர் வந்து கதவைத் தட்டினார். "என்ன டிரைவரே, வண்டியை எடுக்கலையா?"

"மெதுவாப் பேசுங்க. தூங்குறா."

"யாரு?"

அதற்குள் அவள் விழித்துவிட்டாள். "ஐயோ, அசந்துட்டேண்ணே!" என்றாள். குரல் வேறு யாருடையதோ.

"பரவாயில்லம்மா, இன்னும் கொஞ்சம் தூங்கியிருக்கலாம்" என்றேன்.

உனக்கு வேலை அதிகமென்று தெரியும். முடிந்தால் ஒருமுறை வந்துவிட்டுப் போ.

உன் அப்பா