பின்சீட்டுப் பாரம்

அன்புள்ள அப்பா,

உங்கள் முழங்கால் வலி தேவலையா? இந்த நெவாடா வெயிலிலும் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

போன வாரம் எங்கள் பட்டறையில் டெல்பர்ட் என்பவரின் பழைய காருக்கு அகலமான பின்சக்கரங்கள் போட்டோம். அவை உள்ளே அடங்குவதற்காகப் பின் அச்சை வெட்டிக் குறுக்கியது நான்தான். ஓட்டிப் பார்த்தேன், சத்தமே இல்லை. காரை எடுக்க வந்த டெல்பர்ட் தன் அக்காக்கள் இருவரையும் பின்சீட்டில் ஏற்றினார். வாசல் மேட்டில் ஏறியதும் டயர் மட்கார்டில் கர்ரென்று உரசியது.

"எங்கள மொறைக்காதடா, காலைல வெறும் காப்பிதான் குடிச்சோம்!" என்றாள் மூத்தவள், தம்பியிடம்.

தப்பு என்னுடையது. காலி வண்டியில் அளந்துவிட்டேன். முதலாளி ரஸ்க், "ஏம்மா, கார்ல ஆளுங்க உக்காருவாங்கன்னு யாரும் சொல்லலையா உனக்கு?" என்று சிரித்தார். பிறகு மட்கார்டின் உட்புறம் களிமண் ஒட்டி, அக்காக்களோடு ஒரு சுற்றுப் போனோம். களிமண் எங்கே நசுங்கியிருக்கும் என்று பார்க்க எனக்கு அவ்வளவு ஆவல்! அந்த இடத்தில் விளிம்பை மடித்ததும் உரசல் நின்றது.

நம் காருக்கும் அகலச் சக்கரம் போடப்போவதாக எழுதியிருந்தீர்களே, காலியாக அளக்காதீர்கள். பின்சீட்டில் என் இடத்தில் ஒரு மண்மூட்டை வையுங்கள். அம்மாவிடம் ஆப்பிள் ஜாம் ஒரு பாட்டில் அனுப்பச் சொல்லுங்கள்.

ரஸ்க் கூப்பிடுகிறார். மூட்டையை என் பழைய எடைக்குக் கட்ட வேண்டாம், பத்து பவுண்டு குறைத்தே கட்டுங்கள்.

உங்கள் ஜனெல்