பார்சல் 417

நாள் 4 / 07:40

செவ்வாயின் நிலவான போபோஸில் உள்ள பார்சல் சோதனை நிலையம். பணியில் ஒருவர்: செலஸ்டினா கொரேரா, வயது 44, தாவர நோயியல். சரக்குக் கப்பல் 'ஒன்று' இறக்கிய பார்சல்கள் 812. திறந்து பார்த்தவை 96. அனுமதி 61, கதிர்வீச்சால் கிருமி கொல்லும் கதிர்ப்பெட்டிக்கு 27, பறிமுதல் 8.

பறிமுதலில் ஒன்று, 'கைவினைப் பொருள்' என்று எழுதி அனுப்பப்பட்ட பாலாடைக்கட்டி. இன்னொன்று, தஞ்சாவூரிலிருந்து வந்த சட்டை. கீழ் மடிப்பில் யாரோ ஓர் அம்மா அவரை விதைகளைத் தைத்து வைத்திருக்கிறார். தையல் மிக நேர்த்தி. ஸ்கேனர் இல்லாவிட்டால் எனக்கே தெரிந்திருக்காது.

கீழே செவ்வாயில், ஆம்பல் குடியிருப்பில் 186 பேர் இந்தப் பெட்டிகளுக்காக இரண்டு வருடமாகக் காத்திருக்கிறார்கள். எதுவும் என் கையைத் தாண்டித்தான் இறங்குபடகில் ஏற வேண்டும். பாசித் தொட்டி சீராக இருக்கிறது. காற்று நன்று.

நாள் 9 / 15:20

பார்சல் 417. அனுப்புநர் ஈரோடு. பெறுநர் பூவாத்தாள், தண்ணீர்க் குழாய்ப் பிரிவு, ஆம்பல். உள்ளே ஒரு சேலை, ஒரு மஞ்சள் கயிறு, மூன்று மஞ்சள் கொம்பு. எடைக் கட்டுப்பாட்டில் தங்கத்துக்கு இடமில்லை. கயிற்றில் மஞ்சள் கொம்பைக் கோத்துத் தாலியாகக் கட்டப் போகிறார்கள். ஆம்பலில் நடக்கும் முதல் கல்யாணம்.

கீழே சுங்கப் பதிவைப் பார்க்கும் கோதண்டம் அழைத்தார். பதிவிலிருந்து:

"அக்கா, 417 இன்னா ஆச்சு? கல்யாணப் பொண்ணு காலைலருந்து என் தலமேல ஒக்காந்துகினு கீறா."

"கதிர்ப்பெட்டி வரிசைல கெடக்கு. இன்னும் பத்தொம்பது நாளாவும்."

"பத்தொம்பதா! பதிமூணாம் நாள் முகூர்த்தங்க்கா. படகு நாளிக்கே மேலருந்து கெளம்பிடும். அப்புறம் பொண்ணு கழுத்துல குழாய் நட்டத்தான் கோத்துக் கட்டணும்."

"கட்டுங்களேன். நட்டுக்குக் கதிர்ப்பெட்டி வேண்டாம்லா."

"நீ கல்யாணம் பண்ணிக்காத கோவத்த எங்க மேல ஏன்க்கா காட்ற?"

சிரித்துவிட்டேன். இந்த ஒன்பது நாளில் முதல் சிரிப்பு.

விதி 31: வேகவைத்து உலர்த்திய மசாலாப் பொருளுக்குக் கதிர்வீச்சு தேவையில்லை. மஞ்சளை வேகவைத்துத்தான் காயப்போடுவார்கள் என்பது நம் ஊரில் யாருக்கும் தெரியும். கொம்பு கல் மாதிரி இருந்தது. மேசையில் தட்டினேன், டக்கென்றது. உயிர்ச்சோதனை செய்ய நாற்பது நிமிடம் ஆகும்: ஒரு துண்டு சீவி, சாயத்தில் போட்டு, சிவக்கிறதா என்று பார்க்க வேண்டும்; சிவந்தால் உயிர் உண்டு. படகில் ஏற்ற இன்னும் 200 பார்சல்கள் இருந்தன.

அனுமதிக்கப்பட்டது.

நாள் 13 / 10:05

கல்யாணம் திரையில் தெரிந்தது. பூவாத்தாள் சின்னப் பெண், முகம் முழுக்கச் சிரிப்பு. குழாய்ப் பிரிவின் சாம்பல் நிற உடுப்புக்கு மேலேயே சேலை. மாப்பிள்ளை முடிச்சைப் போட முடியாமல் திணற, கோதண்டம் பின்னாலிருந்து "குழாய்ல வால்வு திருப்புற மாரி திருப்புடா" என்றார். மஞ்சள் கொம்பு கழுத்தில் நன்றாகத்தான் இருந்தது.

எங்கள் வீட்டில் மஞ்சள் என்றால் மீன் கழுவ. தூத்துக்குடியில் கடையில் வாங்கியதைத் தவிர வேறு மஞ்சளை நான் பார்த்ததில்லை. இதை ஏன் இன்று எழுதினேன் என்று தெரியவில்லை.

நாள் 41 / 11:32

பூவாத்தாளே அழைத்தாள். பதிவு:

"அக்கா, நல்லாருக்கீங்களா? உங்களுக்கொரு சங்கதி சொல்லோணும். அந்த மஞ்ச மொளச்சிருச்சுங்க! கழுத்துல கெடக்கறது போக மிச்சம் ரெண்டு இருந்துச்சுங்களா, செடி அறைல கொழா சொட்டற எடத்துல ஒரு டம்ளர்ல வெச்சேன். இப்ப பச்சையா ஒரு வெரக்கட ஒசரத்துக்கு எந்திரிச்சு நிக்குதுங்க. எல்லாரும் வந்து வந்து மோந்து பாத்துட்டுப் போறாங்க. எங்கூருக் காடே வந்தாப்ல இருக்குதுங்க. எல்லாம் உங்க புண்ணியம்."

வேகவைத்த மஞ்சள் முளைக்காது.

நாள் 41 / 11:50

விதைக்கென்று எடுத்துவைக்கும் மஞ்சளை வேகவைக்க மாட்டார்கள். அப்படியே காயவிட்டுப் பத்திரப்படுத்துவார்கள். மேலே பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஈரோட்டுக்காரர் எவரும் கேட்டிருப்பார்: விதையா, வேகவைத்த விரலியா என்று. வெளியூர்க்காரர் எவரும், ஒன்றும் தெரியாததால், விதிப்படி கதிர்ப்பெட்டியில் போட்டிருப்பார். எனக்குப் பாதி தெரிந்திருந்தது.

கோதண்டத்திடம் சொல்ல எனக்குப் பதினோரு நிமிடம் ஆனது. அந்தப் பதினோரு நிமிடமும் நான் வேறு எதுவும் செய்யவில்லை. உட்கார்ந்திருந்தேன். இதைக் கண்டெடுப்பவர் அதையும் அறிய வேண்டும்.

நாள் 42 / 18:15

டம்ளரைக் காமிராவில் காட்டச் சொன்னேன். முளை அழகாக இருக்கிறது. கிழங்கின் அடிப்பக்கம் பழுப்பு. பூவாத்தாள் விரலால் அழுத்திக் காட்டினாள், குழைகிறது. கிழங்கு அழுகல் நோய். தண்ணீரில் நீந்திப் பரவும் வகை.

ஆம்பலில் பதினோரு செடி அறைகள். தண்ணீர் ஒன்றுதான். சுற்றிச் சுற்றி வரும் ஒரே தண்ணீர். ஒரு சொட்டும் வீணாகக்கூடாது என்று அப்படிக் கட்டினார்கள்.

மூன்று கொம்பையும் எரிக்கச் சொன்னேன். கழுத்தில் இருந்ததையும். பூவாத்தாள் அழவில்லையாம். தானே கழற்றித் தட்டில் வைத்தாளாம். கோதண்டம் சொன்னார்: "கயித்த மட்டும் வேகவச்சு எடுத்துகிச்சு. நாம தமாஷுக்கு சொன்னோமே, அதே தாங்க்கா. குழாய்லருந்து ஒரு நட்டக் கழட்டிக் கோத்துகினு கீது."

நாள் 58 / 09:00

ஏழு அறைகளில் அழுகல். உருளைக்கிழங்கு முழுதும் போயிற்று. சர்க்கரைவள்ளியைத் தோண்டினால் கையில் கூழாக வருகிறது. குழாய்களை வெந்நீரால் கழுவப் பூவாத்தாளின் குழு நாளுக்கு இருபது மணி நேரம் உழைக்கிறது. கழுவிய குழாயில் மூன்றாம் நாள் மறுபடி.

பூமிக்கு அறிக்கை அனுப்பினேன். 'சோதனையாளர் பிழை' என்ற கட்டத்தில் குறியிட்டேன். அந்தக் கட்டத்துக்குக் கீழே விளக்கம் எழுத இரண்டு வரி இடம் இருக்கிறது.

நாள் 80 / 16:44

சேமிப்பு விதைகளைப் போட்டார்கள். முளைத்து, இரண்டு இலை விட்டு, கழுத்தில் ஒடிந்து விழுந்தன. பதினோரு அறையும் அப்படியே.

பூமியின் பதில்: ஆம்பல் தொற்றுப் பகுதி. அங்கிருந்து எதுவும் மேலே வரக்கூடாது. உணவுக் கப்பல் பூமியும் செவ்வாயும் நெருங்கும் அடுத்த வாய்ப்பில், அதாவது பத்தொன்பது மாதம் கழித்துப் புறப்படும். மெதுவாக வரும் கப்பல் 'இரண்டு' ஏற்கெனவே வழியில் இருக்கிறது. நாள் 203இல் சேரும். அதில் இயந்திர பாகங்களும் பார்சல்களும். உணவு இல்லை.

கோதண்டத்தின் கணக்கில் சேமிப்பு உணவு, கால் வயிற்றுக்கு, நாள் 150 வரை.

நாள் 97 / 13:10

கீழே மட்டும் இறங்கக்கூடிய ஒருவழிக் கூடு ஒன்று என்னிடம் இருந்தது. பறிமுதல் அறையைத் திறந்தேன். பாலாடைக்கட்டி, ஊறுகாய், கருவாடு, முறுக்கு, யாரோ பிள்ளைக்கு அனுப்பிய பால்கோவா. என் உணவில் பாதி. எல்லாவற்றையும் அடைத்துக் கீழே விட்டேன்.

அந்தத் தஞ்சாவூர்ச் சட்டையையும் வைத்தேன். விதையைப் பிரித்து எடுத்து வேகவைத்துத் தின்னச் சொன்னேன். விதைக்க வேண்டாம், வீண் என்று சொன்னேன்.

கோதண்டம்: "சட்டைக்காரன் பிரிக்க மாட்டேன்றான்க்கா. அம்மா தச்சதாம். தையலோட கொதிக்க வச்சு உறிஞ்சினு கீறான்."

186 பேருக்கு ஒன்றரை நாள்.

நாள் 139 / 20:30

பதிவு முழுவதும் வைக்கிறேன்.

"அக்கா, ஒண்ணு கேப்பேன். இல்லன்னு சொல்லாத."

"சொல்லுங்க."

"பூவாத்தா முழுகாம இருக்கு. நாலு மாசம். படகுல ஒரு தடவ மேல வர அளவு எரிபொருள் கீது. அத்த மட்டும் ஏத்தி வுடறேன். ஒரே ஆளு. துணிகூட வாணாம்."

"கோதண்டம், இங்க காத்து பாசித் தொட்டிலருந்து வருது. அவ மேல ஒரு சொட்டு ஒட்டிருந்தாலும் தொட்டி போயிரும். ரெண்டு பேருமே சாவோம்லா."

"சரி. இங்கயே இருந்தா?"

நான் பாசித் தொட்டியின் அளவுமானியைப் பார்த்தேன்.

"அன்னிக்கு ஒரு மஞ்சளுக்கு வுட்டியேக்கா. இன்னிக்கு ஒரு உசுருக்கு வுடக்கூடாதா?"

பூமியைக் கேட்பதாகச் சொன்னேன்.

நாள் 139 / 21:22

பூமி: அனுமதி இல்லை.

நாள் 140 / 06:00

படகு இணையும் கதவை உள்ளிருந்து பூட்டினேன்.

இரவு முழுக்கக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவளைக் கிருமிநாசினியில் மூன்று முறை குளிப்பாட்டி வெளி அறையில் பத்து நாள் வைத்தால், தொட்டி பிழைக்க முப்பது சதவீத வாய்ப்பு. முப்பது. அது குறைவு என்று எழுதினேன். பிறகு அடித்தேன். பிறகு மறுபடி எழுதினேன்.

விதியை மீறக்கூடாத இடத்தில் மீறினேன். மீறியிருக்க வேண்டிய இடத்தில், இதோ, கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். பயம்தான். வேறு பெயர் எதுவும் அதற்கு இல்லை.

நாள் 152 / 12:00

பூவாத்தாள் அழைத்தாள். குரல் மெலிந்திருந்தது. "அக்கா, கோதண்டண்ணன் கேட்டாருன்னு சொன்னாங்க. நாங் கேக்கச் சொல்லலீங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க." பிறகு சொன்னாள்: "அந்த மொள இருந்துச்சுல்லங்க, அது நல்ல வாசமுங்க. நீங்க ஒருக்கா மோந்து பாத்திருக்கோணும்."

கதவைத் திறக்கிறேன், ஏறி வா என்றேன். உண்மையிலேயே சொன்னேன். பதிவில் இருக்கிறது.

"படகுக்கு நடக்கறதுக்குத் தெம்பில்லீங்கக்கா" என்றாள்.

நாள் 166 / 17:05

கோதண்டம். "அக்கா. பதிவேட்ட மூடிட்டேன். எல்லாப் பார்சலுக்கும் கையெழுத்து வாங்கிகினேன். பாக்கி எதுவும் இல்ல. நீ... அந்த நட்டு..."

மீதி இரைச்சல்.

நாள் 171 / 08:00

பதில் இல்லை.

நாள் 172 / 08:00

இல்லை.

நாள் 190

எட்டு மணிக்கு அழைக்கிறேன். பன்னிரண்டுக்கு. எட்டுக்கு. என்ன பேசுவதென்று தெரியாமல் இன்றைய பாசித் தொட்டி அளவுகளை வாசித்தேன். என் உணவு நாள் 240 வரை.

நாள் 203 / 04:12

கப்பல் 'இரண்டு' தானாக வந்து தானாக இணைந்தது. பார்சல்கள் 540. பெறுநர் பட்டியலைத் திரை தானாக விரித்தது.

'திருப்பி அனுப்பக் காரணம்' பட்டியலில் நான்கு உண்டு: முகவரி தவறு, பெறுநர் மறுத்தார், தடை செய்யப்பட்ட பொருள், தீர்வை செலுத்தவில்லை. எதுவும் பொருந்தவில்லை. அதனால் சோதனையைத் தொடங்கினேன்.

நாள் 211 / 09:30

பார்சல் 88. ஈரோடு. பெறுநர் பூவாத்தாள். ஒரு டப்பா, ஒரு கடிதம். முதல் கப்பல் கிளம்பி ஒன்பதாம் நாள் எழுதியது. நாங்கள் யாரும் அந்த மஞ்சளைத் தொடுவதற்கு ஏழு மாதம் முன்பு.

"பூவு, நல்லாருக்கியா. மொதப் பார்சல்ல அவசரத்துல விதைக்கு எடுத்து வெச்ச மஞ்சளப் போட்டுட்டேன். மாமா பாத்துட்டு ஒரே சத்தம். அது வேகவெக்காதது, நாளாச்சுன்னா சுருங்கிப் போயிரும், கழுத்துல பாக்க நல்லாருக்காது. செய்தி அனுப்பலாமுன்னா, இதுக்குப் போயி எதுக்குன்னு விட்டுட்டேன். இதுல நல்லா வேகவெச்ச விரலியா மூணு வெச்சிருக்கேன். கல்யாணம் முடிஞ்சிருந்தாலும் பரவால்ல, மாத்திக் கட்டிக்கோ. உங்கக்கா."

நாள் 211 / 09:50

கொம்பு கல் மாதிரி இருக்கிறது. தட்டினால் டக்கென்கிறது.

துண்டு சீவினேன். சாயத்தில் போட்டேன். நாற்பது நிமிடம். எழுந்து போகவில்லை. வேறு எதையும் பார்க்கவில்லை.

நாள் 211 / 10:30

பார்சல் 88. மஞ்சள் கொம்பு மூன்று.

சிவக்கவில்லை. உயிர் இல்லை.

அனுமதிக்கப்பட்டது.