இருபத்திரண்டு ஆண்டும் ஒரு சுழியும்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்
யுவ வருடம், புரட்டாசி 12

சிரஞ்சீவி வேலாயுதத்திற்கு அன்னை ஆசி கூறி வரைவது. இங்கு நானும் நம் பசுவும் சௌக்கியம். உன் தந்தையார் மட்டும் உன் கடிதம் கண்ட நாள்முதல் முகம் வாடியிருக்கிறார். சிங்கப்பூரில் உன் சளி தீர்ந்ததா என்பதை மறவாமல் எழுது. நடந்த வழியின் மொத்த அளவு ஒன்று, புறப்பட்ட இடத்திலிருந்து நின்ற இடம் வரை நேர்கோட்டில் உள்ள அளவு வேறொன்று, அதற்குத் திசையும் கூறவேண்டும் என்று கல்லூரியில் கற்றதை விளக்கியிருந்தாய். முன்னதற்குத் தொலைவு என்றும் பின்னதற்கு இடப்பெயர்ச்சி என்றும் நானே தமிழில் பெயரிட்டுக்கொண்டேன். பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவள்தான், பத்திரிகை படித்தே எழுத்தறிந்தவள்தான், ஆயினும் இது எனக்குப் புதிதன்று. நம் அடுப்படிச் சன்னலுக்கு நேர் கிழக்கே, தண்டவாளங்களுக்கு அப்பால் வீரம்மாவின் வீடு. அவள் தாளிப்பது இங்கே மணக்கும். ஆனால் ரயில் கார்டின் மனைவி தண்டவாளம் தாண்டலாகாது என்பது உன் தந்தையாரின் கட்டளையாதலால், ரயில்வே கேட்டைச் சுற்றி அரை மைல் நடந்தே அவளிடம் கறிவேப்பிலை வாங்கி வருகிறேன். "நாலு எட்டு தூரத்துக்குக் குடையும் கையுமா வர்றது நீங்க ஒருத்திதான் அக்கா" என்று அவள் சிரிக்கிறாள். இடப்பெயர்ச்சியை என் கண் அறியும், தொலைவை என் முழங்கால் அறியும்.

இவ்வளவும் சரி. ஆனால் தீபாவளிக்கு வீடு வந்து திரும்பினால் உன் இடப்பெயர்ச்சி சுழி, ஆகவே விடுதியிலேயே தங்கிவிடுகிறேன் என்று எழுதினாயே, அங்கேதான் வினை. அதை நான் உரக்கப் படிக்கவும் தந்தையார் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். "இருபத்திரண்டு வருஷமா கிள்ளானுக்குப் போயிட்டுப் போயிட்டு வரேன். நான் இந்த வீட்டை விட்டு நகரவே இல்லைங்கிறானா உன் மவன்" என்றார். மறுநாள் காலை பச்சைக் கொடியைக் கையில் எடுக்க மனமின்றி நின்றார். உங்கள் இடப்பெயர்ச்சி சுழிதான், ஒப்புக்கொள்ளுங்கள், ஆனால் நீங்கள் கொடியசைத்துக் கிள்ளானில் கொண்டுபோய் இறக்கியவர்களுடையது சுழியன்று என்றேன். சற்று யோசித்து, "இதை அப்படியே அவனுக்கு எழுது" என்று தொப்பியை அணிந்து புறப்பட்டார்.

எழுதிவிட்டேன். நீ வந்து திரும்பினால் உன் கணக்கில் சுழியே நிற்கட்டும். ஆனால் முறுக்கு டின் இங்கே ஏறிச் சிங்கப்பூரில் இறங்கும். அதற்குச் சுழி போட உன் பேராசிரியராலும் இயலாது. டின் தானாக ரயிலேறாது என்பதையும் கவனி.

கல்வியும் உடல்நலமும் குறைவற நீடு வாழ்க. சனிக்கிழமை எண்ணெய்க் குளியலை விடாதே. எந்த வண்டி என்பதை முன்கூட்டியே தெரிவி. உன் தந்தையார் ஸ்டேஷனில் நிற்பார், கேட்டால் வேலையாக வந்தேன் என்பார்.

இங்ஙனம்,
உன் வரவு நோக்கும் அன்னை
நல்லம்மாள்