முதல் கரண்டி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் மூட்டுவலியோடு நலம். அத்தையும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்பது படித்தால் புரியும்.

முதியோர் இல்லத்தில் அத்தை இதய மாத்திரையை நிறுத்திவிட்டது உனக்குத் தெரியும். அதைப் போட்டால் தலை கிறுகிறுத்து ஊசிக் காது இரண்டாகத் தெரிகிறதாம். அங்கேயும் அவள் தையலை விடவில்லை, பக்கத்து அறைக்காரர்களின் அறுந்த பட்டனும் கிழிந்த தலையணை உறையும் அவள் மடியில்தான் கிடக்கின்றன. டாக்டர் அளவைக் குறைத்துப் பார்த்தார், மாத்திரையை மாற்றியும் பார்த்தார், பலன் இல்லை. நிறுத்தினால் எந்த நேரமும் இதயம் நின்றுபோகலாம் என்று அவளிடமே சொன்னார். தெரிந்துதான் வேண்டாம் என்கிறேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அன்று அவள் அறை வாசலில் நின்று உன்னோடு பேசினேன் அல்லவா, பொடித்துப் பழக்கூழில் கலந்து கொடுத்துவிடுங்கள் அப்பா, உயிர்தான் முக்கியம் என்று அழுதாயே. எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன். அவளுக்கோ பாம்புக் காது, உள்ளே இருந்தபடி எல்லாம் கேட்டுவிட்டாள்.

மறுநாள் டாக்டரும் நர்ஸும் நானும் உட்கார்ந்து பேசினோம். கலந்துவிடலாம் என்றுதான் எனக்கும் ஆசை, அவள் என் அக்கா அல்லவா. நர்ஸ் பெண் ஒப்பவில்லை. புத்தி தடுமாறியவர் என்றால் எல்லோரும் கூடி யோசிக்கலாம், தெளிவாக வேண்டாம் என்பவருக்கு ஒளித்துக் கொடுப்பது வைத்தியம் இல்லை, ஏமாற்று என்றாள். டாக்டரும் அதையே சொன்னார். அவள் போய்விட்டால் நீங்களா அழப்போகிறீர்கள் என்று கத்திவிட்டேன். அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு யோசித்தேன், அவள் சொன்னது சரிதான். கலப்பதில்லை என்று முடிவாயிற்று.

ஆனால் கலக்காமலே கலந்த கதை ஆகிவிட்டது. அன்று முதல் எந்தச் சாப்பாடு வந்தாலும் அத்தை முதல் கரண்டியை என்னிடம் நீட்டுகிறாள். நான் விழுங்கிய பிறகுதான் அவள் வாயைத் திறக்கிறாள். நான் போகாவிட்டால் பட்டினி. அதனால் வேளை தவறாமல் போகிறேன், தொந்தி விழுகிறது என்று உன் அம்மா கேலி செய்கிறாள், எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூடப் பிறந்தவளே என்னைச் சந்தேகப்படுகிறாளே என்று நெஞ்சு வலிக்கிறது.

நேற்று துணிந்து, அவளுக்கு உன்மேல் கோபமா என்று கேட்டேன். நூல் கோத்துக்கொண்டே சொன்னாள். "கோபம் என்னடா, பயத்துல சொல்லியிருக்கா. கலந்து குடுன்னு உன்கிட்ட சொன்னவ, மாத்திரையச் சாப்பிடு அத்தைன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலயே. கேட்டிருந்தா யோசிச்சிருப்பேன்."

யோசித்து என்ன சொல்வாளோ எனக்குத் தெரியாது. வேண்டாம் என்றே சொல்லலாம், அதையும் தாங்கிக்கொள்ளும் மனதோடு புறப்பட்டு வா. தள்ளிப் போடாதே அம்மா, நாள் நம் கையில் இல்லை. குட்டிக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, காதை மூடிக் கூட்டி வா. அத்தைக்குப் பெரிய காதுள்ள ஊசி வேண்டுமாம், மறக்காதே. எங்கள் ஆசி என்றும் உங்கள் மூவருக்கும் உண்டு. நீ வரும்வரை முதல் கரண்டியை நான் சாப்பிடுகிறேன். வந்தபின் அதை உன்னிடம்தான் நீட்டுவாள்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா