வந்த நாளைக் கழித்தால்

சத்வா, துபாய்
22.6.2007

மச்சானுக்கு,

ரெங்கராஜ் எழுதுதேன். நல்லா இருக்கேன்னு எழுதணும், எழுதிட்டேன். அத்தைக்கு முட்டிவலி எப்படி இருக்கு?

பாஸ்போர்ட் காப்பி மூணாவது தடவையா அனுப்புதேன். ஒவ்வொரு தடவையும் டியூட்டி முடிஞ்சு ஜெராக்ஸ் கடையில வரிசையில நிக்கேன். கடைக்கார நூஹு பாய், "பாஸ்போர்ட்டை என்ன, கல்யாணப் பத்திரிகை மாதிரி ஊருக்கெல்லாம் குடுக்கியளா?"ன்னு கேக்காரு. போன வருஷம் வந்ததுக்கு ஒரு முத்திரை, திரும்புனதுக்கு ஒரு முத்திரை. தெளிவாத்தான இருக்கு? இன்னும் என்ன வேணும்? நேரா எழுதுங்க.

ரெங்கராஜ்

கோவில்பட்டி
3.7.2007

அன்பு மாப்ள,

அம்மா சுகம். நீங்க சாப்பிடுதீங்களான்னு கேக்கச் சொன்னா.

கோவப்படாதீங்க. ஒரு வருஷத்துல 182 நாள் இந்தியாவுல இருந்துட்டா நீங்க என்.ஆர்.ஐ. இல்ல, உள்ளூர்க்காரர். நீங்க துபாய் போயி மூணே வருஷம்ங்கிறதால வேற சலுகையும் கிடையாது. அங்க வாங்குன சம்பளத்துக்கும் இங்க வரி. தங்கச்சி பானுவுக்கு முடியாமப் போயி நீங்க வந்து கிடந்ததை எண்ணிப் பாத்தேன். ஜூன் 15ல இருந்து டிசம்பர் 13 வரைக்கும், சரியா 182. ஒரே ஒரு நாள் மாப்ள!

வந்த நாளைக் கழிச்சிட்டா 181. அது முழு நாள் இல்லன்னு வாதாட வழி இருக்கு. கூட ஒரு தாள் வச்சிருக்கேன். "15.6.2006-ஐச் சேர்க்கவில்லை"ன்னு இருக்கும். கையெழுத்து மட்டும் போடுங்க.

பாண்டித்துரை

சத்வா
13.7.2007

மச்சான்,

அந்த ஒரு நாள் எப்படி வந்துச்சு? எனக்கு டிசம்பர் 12க்குத்தான் டிக்கெட். பெட்டியத் தூக்கிட்டு நின்னவனை, "செவ்வாயோ வெறுவாயோ, இன்னைக்குக் கிளம்பாதீங்க"ன்னு புதன்கிழமைக்கு டிக்கெட்டை மாத்துனது யாரு? ஆடிட்டர் ஆபீஸ்ல பதினஞ்சு வருஷம் குப்பை கொட்டுன நீங்கதான்! செவ்வாய்க்கிழமைக்கு ஒரு ஃபாரம் இருந்தா அனுப்புங்க, அதுல கையெழுத்துப் போடுதேன்.

இதுல மாட்டேன். தாளைத் திருப்பி அனுப்பிட்டேன்.

நான் பிளாண்ட்ல மீட்டர் சரிபாக்கிறவன். 182 காட்டுனா 182ன்னுதான் எழுதுவேன். ஆனா காரணம் அது இல்ல.

வந்த அன்னைக்கு ஏர்போர்ட்ல இருந்து நேரா ஆஸ்பத்திரிக்கு வந்தேன்ல. நீங்க மருந்துச் சீட்டோட கீழ போயிருந்தீங்க, அத்தை டீ வாங்கப் போயிருந்தாங்க. பானு கண்ணு முழிச்சா. "ஏன் இப்படிக் கறுத்துப் போனீங்க? குடை பிடிக்கச் சொன்னேன்ல"ன்னா. சைட்ல எவன்டி குடை பிடிப்பான்னேன். சிரிச்சா. மறுநாள் காலையில தலையில ஆபரேசன். அதுக்கப்புறம் அஞ்சு மாசம் ஒரு வார்த்தை கிடையாது, உங்களுக்கே தெரியும்.

மிச்சம் 181 நாளையும் வேணா கழிச்சுக்கோங்க. இதைத் தர மாட்டேன்.

உள்ளூர்க்காரன்னே எழுதுங்க. நான் அங்கதான் இருந்தேன்.

ரெங்கராஜ்

கோவில்பட்டி
24.7.2007

மாப்ள,

ரிட்டர்ன் போட்டாச்சு. 182ன்னே எழுதிட்டேன். செவ்வாய்க்கிழமை என் தப்பு.

பானு பேசுனான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே. யார்கிட்டயும் பேசாமலே போயிட்டான்னுல்லா அம்மா இத்தனை நாளா அழுதுக்கிட்டிருந்தா. உங்க கடுதாசியை வாசிச்சுக் காட்டுனேன். குடை வர்ற இடத்தை "மறுபடி வாசி"ங்கா. நாலு தடவை ஆச்சு.

பாஸ்போர்ட் காப்பி இனி வேண்டாம். அவ வேற ஏதாவது சொல்லியிருந்தா எழுதுங்க.

பாண்டித்துரை