உள்மடிப்பு இல்லாத கால்சட்டை

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்காலையும் உன் அண்ணனின் புத்தியையும் தவிர இங்கே எல்லாம் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருந்தால் எனக்கு அது போதும். அப்பாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, இப்போது கம்பை ஊன்றிக்கொண்டு வாசல்வரை நடக்கிறார், அங்கே போய் நின்றுகொண்டு உன் அண்ணனுக்காகப் பரிந்து பேசுகிறார். நீயும் போனில் அதையேதான் சொன்னாய், பாவம் அண்ணன், ராப்பகலா உழைக்கிறான், ஏம்மா அவனக் கரிச்சுக் கொட்டுற என்று. உழைக்கிறானாம். செக்குமாடுகூடத்தான் நாள் முழுக்க நடக்கிறது. நடந்ததை எழுதுகிறேன், படித்துவிட்டு யார் பாவம் என்று நீயே சொல்.

நம் தையல்கடைக்குச் சோறு போடுவது தெருக்கோடிப் பள்ளிக்கூடத்தின் சீருடை ஒன்றுதான் என்று உனக்குத் தெரியும். அப்பா கடையை உன் அண்ணன் கையில் கொடுத்ததும் அந்தத் துரை முதலில் செய்த வேலை, சுவரில் ஒரு பெரிய அட்டையை மாட்டி அதில் கலர் கலராகக் காகிதம் ஒட்டியது. ஐந்தாண்டுத் திட்டமாம். அதன்படி கடையில் பாதியை மறித்து, கோப்பையில் படம் அச்சடிக்கும் மிஷின் வைத்தான், செல்போன் உறை தொங்கவிட்டான், மினுக்கு விளக்கு போட்டான். முதல் கோப்பையில் அச்சடித்தது யார் முகத்தை என்கிறாய், அவன் முகத்தைத்தான். வெட்டுமேஜையை மூலைக்குத் தள்ளிவிட்டான், கத்தரியைத் திறந்தால் முழங்கை சுவரில் இடிக்கிறது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்றேன். உனக்கு பிசினஸ் தெரியாதும்மா என்றான். சரி ராசா, நான் இத்தனை வருஷமாகப் பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

லீவு விடுகிற சமயம் பார்த்து நான் அப்பாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். இவனே போய்ப் பிள்ளைகளுக்கு அளவெடுத்திருக்கிறான், இவனே வெட்டியும் இருக்கிறான். லீவில் பிள்ளைகள் கொடிபோல வளர்ந்துவிடும், அதற்காகத்தானே நாம் கால்சட்டையின் கீழே நாலு விரல் அகலம் உள்ளே மடித்துத் தைப்போம், வளர வளரப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம் என்று. இந்த அறிவாளி அந்த மடிப்பைத் தண்டத்துணி என்று முடிவுகட்டி, எல்லாவற்றிலும் அதை வெட்டி எடுத்துவிட்டான். எடுத்ததை என்ன செய்தான் தெரியுமா? பெண்பிள்ளைகள் தலையில் போடுகிற பட்டை தைத்து, அதையும் மினுக்கு விளக்குக்குக் கீழே தொங்கவிட்டான். ஐந்து வருஷம் கழித்துத் தான் எங்கே இருப்போம் என்று தெரிந்தவனுக்கு, லீவு முடிந்து வரும் பிள்ளையின் கணுக்கால் எங்கே இருக்கும் என்று தெரியவில்லை.

பள்ளி திறந்த அன்றே தாய்மார்கள் கும்பலாக வந்துவிட்டார்கள். எல்லாப் பிள்ளைக்கும் கால்சட்டை கெண்டைக்காலில் நிற்கிறது, பிரித்துவிட உள்ளே ஒரு நூல் அகலம்கூடத் துணி இல்லை. இவன் கூசாமல், இதாங்க இப்ப ஃபேஷன் என்றான். கடைசியில் தலைமையாசிரியை அம்மாவே வந்தார். ஒரு கால்சட்டையை மேஜையில் போட்டு உள்பக்கம் திருப்பிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து, இதுல உங்க கை படலியே என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. அத்தனையையும் புதிதாகத் தைக்கும் வேலையை எதிரே தையல்கடை வைத்திருக்கும் அந்த மூக்குக்கண்ணாடிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். உன் அண்ணன் அப்போதும் அசரவில்லை, போனா போகுது, கோப்பை இருக்குல்ல என்கிறான். எனக்கு அழுகை வரவில்லை, இவனை நானா பெற்றேன் என்று அருவருப்புதான் வந்தது.

நீ மட்டும் என்ன வாழ்கிறதாம்? அங்கே நீ போட்ட ஆல்டரேஷன் கடை இப்போதுதான் நாலு பேருக்குத் தெரிய ஆரம்பித்திருக்கிறது, அதற்குள் பக்கத்திலேயே கேக் செய்து விற்கப்போகிறேன் என்கிறாய். மாவுக்கையோடு யாருடைய கல்யாணக் கவுனைத் தொடப்போகிறாய்? அகலக்கால் வைக்காதே. எந்த மாதம் கூட்டம் வரும் என்று பார்த்து அதற்கு முன்பே நூலும் பொத்தானும் வாங்கி வை, வேலை இல்லாத நாளில் மிஷினைப் பிரித்து எண்ணெய் போடு. திட்டம் என்றால் அவ்வளவுதான், அதற்கு அட்டை வேண்டாம்.

தலைமையாசிரியை வந்துபோன மறுநாளே கண்ணாடிக்காரர் நம் வாசலில் வந்து நின்றார். அக்கா, இவ்ளோ வேலை எனக்கு ஒண்ணா வந்ததே இல்ல, வெட்டுறதுக்கு நீங்க வரணும் என்றார். கொஞ்சமும் யோசிக்காமல் என் கத்தரியை எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். பெத்தவ செய்ற காரியமா இது, ஊரே சிரிக்கும் என்றார் அப்பா. சிரிக்கட்டும், பிள்ளைகள் அரைக்காலோடு பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துச் சிரிப்பதைவிட இது மேல். உன் அண்ணன் வந்து எப்பம்மா திரும்பி வருவ என்று கேட்டான். வெட்டுமேஜை இருந்த இடத்துக்குத் திரும்பி வந்த அன்றைக்கு என்றேன். கோப்பை மிஷினை என்ன செய்வதாம், அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறான்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, குனிந்தே தைக்காதே, முதுகு போய்விடும். ஒன்று மறக்காதே, பகலில் நம் கடைக்குப் போன் போட்டால் உன் அண்ணன்தான் எடுப்பான், கோப்பை வேண்டுமா என்று கேட்பான். என்னோடு பேச வேண்டுமானால் எதிர்க்கடை நம்பரைக் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், அதில் கூப்பிட்டு, கட்டிங் மாஸ்டர் இருக்காங்களா என்று கேள்.

ஆசீர்வாதங்களுடன்,
அம்மா